அடுத்த வீட்டுக் கணக்கு

மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வணங்கத் தக்கவர்களை வரிசைப்படுத்திய நமது பெரியோர்கள், அந்த வரிசையில் அடுத்த வீட்டுக்காரருக்கு இடம் வைக்கவில்லை. அவர்கள் பேரில் குற்றம் சொல்லவும் முடியாது. அடுத்த வீட்டுக்காரர் என்பவர் யார்? நமது ஏணியை ஒரு நாளைக்கு என்று இரவல் வாங்கிப் போய், அது யாருடைய ஏணி என்பதை இரண்டு வீட்டாரும் மறந்து போகும்வரை வைத்துக்கொள்பவர். நமது வீட்டுச் சண்டையைச் சுவரில் காது வைக்காமலே கேட்டு விடுபவர். இப்படிப்பட்டவரைத் தெய்வத்துக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது எப்படி?

ஆயினும் சற்று யோசித்துப் பார்த்தால் வேறொரு விஷயம் புலப்படும். பிள்ளையை வளர்ப்பது தாய் தந்தையரின் கடமை. பாடம் சொல்லிக் கொடுப்பது குருவின் தொழில். நம்மைப் படைத்து விட்ட பொறுப்பு தெய்வத்துக்கு உண்டு. அடுத்த வீட்டுக்காரருக்கோ நம் விஷயத்தில் எவ்விதக் கடமையும் கிடையாது. அவர் ஒன்றும் செய்யாமல் இருந்தால் உலகத்தில் யாரும் அவரைக் குறை கூற மாட்டார்கள். அப்படிப்பட்டவர் ஒரு நன்மையைச் செய்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

வள்ளுவர் இதை நன்றாக அறிந்திருந்தார். செய்ந்நன்றியறிதல் என்னும் 11-ஆம் அதிகாரத்தை அவர் தொடங்குவதே, முன்பு நம்மிடமிருந்து ஓர் உதவியும் பெறாதவர் நமக்குச் செய்யும் உதவியைச் சொல்லித்தான். அதற்கு உரை எழுதிய பரிமேலழகர் காஞ்சீபுரத்தில் வாழ்ந்தவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதே காஞ்சீபுரத்தில், பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில் பிறந்து வளர்ந்த நமக்கு, அந்தக் குறளுக்கு உரை எழுதாமலே உரையாக வாழ்ந்த ஒருவர் அடுத்த வீட்டில் கிடைத்தார். அவர் காலமாகி நெடுநாளாகி விட்டது. அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டுமென்று வெகு நாளாக எண்ணம்.

காஞ்சீபுரத்துக்கு வருகிற யாத்திரிகர்கள் கைலாசநாதர் கோயிலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஏறக்குறைய 1,300 வருஷங்களுக்கு முன் ராஜசிம்ம பல்லவன் மணற்கல்லில் கட்டிய அக்கோயில் ஊரின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் போகிற வழியில் பிள்ளையார்பாளையத்தின் தெருக்கள் வரும். நமது சிறு பிராயத்தில் அங்கே தறி இல்லாத வீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துப் பட்டு இழைகளைச் சரி செய்வார்கள். வெயில் ஏறுவதற்குள் பாவு சுருண்டு வீட்டுக்குள் போய்விடும். பிறகு பொழுது சாயும் வரையில் வீட்டுக்கு வீடு தறியின் சத்தந்தான்.

காஞ்சீபுரம் பட்டுச் சேலையின் பெருமையை இந்நாட்டுப் பெண்மணிகளுக்கு நாம் எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். 2005-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு என்னும் சட்டப் பாதுகாப்பும் கிடைத்து விட்டது. ஆனால் அந்தப் பெருமை எத்தனை கைகளின் வேலை என்பது உடுத்துகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம் என்று அமைவது கோர்வை வேலை. உடலுக்கு ஒரு நாடா, இடக் கரைக்கு ஒரு நாடா, வலக் கரைக்கு ஒரு நாடா என்று மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்திலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துப் பிடித்துக்கொள்ளும். இதற்கு ஒருவர் போதாது. குழித்தறியில் நெசவாளியின் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து வலக் கரை நாடாவை வாங்கித் திருப்பி விட வேண்டும். அந்த இன்னொருவர் அக்காலத்தில் பெரும்பாலும் ஒரு சிறு பையனாகவோ பெண்ணாகவோ இருப்பது வழக்கம். கூலி குறைவு, விரலும் மெல்லியது, வாயும் பேசாது.

அப்படிப்பட்ட பையன்களில் நாமும் ஒருவர்.

1960-ஆம் ஆண்டில் நமக்கு வயது 9. நமது தகப்பனார் கூலிக்கு நெய்பவர். அந்த வருஷம் அவர் நோயில் விழுந்தார். அடுத்த வீட்டில் சொந்தத் தறி இரண்டு போட்டிருந்தவரிடம் 150 ரூபாய் முன்பணம் வாங்கினார். முன்பணம் என்றால் அதற்கு ஈடு வேண்டுமல்லவா? ஈடாக நாம் போனோம். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவருடைய தறியில் வலப்பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தோம். பணம் கழிகிறவரையில் அதுதான் நமது இடம். இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை, துக்கமும் இல்லை. தெருவில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் போனார்கள்.

அவரை நாம் பெரியப்பா என்று அழைப்போம். உறவு ஒன்றும் கிடையாது. சுவர் ஒன்றாயிருந்ததனால் ஏற்பட்ட உறவு. அதிகம் பேச மாட்டார். நாடா எறிவதில் நாம் தாமதித்தால் கண்ணை உயர்த்தி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். பகலில் நெய்வதோடு அவர் வேலை முடிவதில்லை. இராத்திரியில் அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டம் போட்ட தாளில் கரைக்கு வேண்டிய சித்திரங்களை வரைவார். மயில், அன்னம், ருத்திராட்சம், கோபுரம் என்று கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே போவார். நெடுக்கே ஒரு கட்டம் பாவின் இழைக்குக் கணக்கு. குறுக்கே ஒரு வரிசை ஊடையின் ஓட்டத்துக்குக் கணக்கு. அந்தத் தாளைப் பார்த்து அட்டைகளில் துளை போடுவார்கள். அட்டைகள் தறியின் மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியில் ஏறும். எந்த இடத்தில் துளை இருக்கிறதோ அந்த இடத்துக் கொக்கி இழையைத் தூக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு நாம் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய் அந்தக் கட்டங்களை எண்ணிக்கொண்டிருப்போம். போகச் சொல்லவும் மாட்டார். வரச் சொல்லவும் மாட்டார்.

ஒரு நாள் அவர் கரையில் அன்ன வரிசை ஒன்று வரைந்தார். ஓர் அன்னத்துக்கு அகலம் 28 கட்டம். பெட்டியில் இருந்த கொக்கிகள் 240. பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த வகுத்தல் கணக்கு நமது மண்டையில் இன்னும் மீதி இருந்தது போலும். எட்டு அன்னம் போனால் 224, பாக்கி 16.

"பெரியப்பா, ஒன்பதாவது அன்னத்துக்கு வால் இருக்காதே!" என்றோம்.

அவர் பேனாவை வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தார். "அப்போ என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

"28-ஐ 30 ஆக்கிட்டா எட்டு அன்னமும் முழுசா வந்துடும். பாக்கி இருக்காது."

அவர் நம்மை ஒரு தரம் பார்த்தார். நாடா தாமதித்தபோது பார்க்கிற பார்வை அல்ல அது. "பாக்கி இருக்காது" என்று நமது வார்த்தையையே தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு விளக்கைச் சிறிதாக்கிவிட்டு உள்ளே போய் விட்டார்.

மறுநாள் தறி ஓடவில்லை. வேஷ்டியை மாற்றிக்கொண்டு எங்கேயோ போய்விட்டுப் பதினொரு மணிக்குத் திரும்பினார். நேரே நமது வீட்டுக்கு வந்து தகப்பனார் படுத்திருந்த கயிற்றுக் கட்டிலின் அருகே நின்றார். 

"பையனை நாளையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. ஹெட்மாஸ்டர்கிட்டே பேசிட்டு வந்திருக்கேன். அஞ்சாம் வகுப்பிலே சேர்த்துக்கிறேன்னு சொல்லிட்டார்."

நமது தகப்பனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "முன்பணம் இன்னும் கழியலையே அண்ணே?" என்றார்.

"அதை அவன் சம்பாதிச்சுக் கொடுக்கட்டும். எனக்கு அவசரமில்லை. மத்தியானம் அங்கேயே சோறு போடறாங்க. அவன் சாப்பாட்டுக்கும் நீ கவலைப்பட வேண்டாம்."

அந்தக் கடைசி வார்த்தை சாமான்யமானதல்ல. காமராஜர் முதலமைச்சராயிருந்தபோது, 1956-ஆம் ஆண்டில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் எங்கள் தெருவுக்கும் வந்திருந்தது. ஏழை வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதற்குத் தடையாக நிற்பது பல சமயங்களில் ஒரு வேளைச் சோறுதான் என்பதைப் பசி அறிந்தவர்கள் அறிவார்கள். சர்க்கார் சோற்றைப் போட்டது. பெரியப்பா பையனை விட்டுக் கொடுத்தார். இந்த இரண்டில் எது இல்லாவிட்டாலும் நாம் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்திருப்போம்.

இனி, இந்தக் காரியத்துக்கு அவர் கொடுத்த விலையைச் சொல்ல வேண்டும். வலப்பக்கத்துப் பலகை காலியானால் கோர்வைச் சேலை நெய்ய முடியாது. வேறொரு பையனை வைக்கலாம். அதற்கு வேறொரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். அவரோ அப்படிச் செய்யவில்லை. "ஒரு பையனை எழுப்பிவிட்டு இன்னொரு பையனை உட்கார வைக்கிறதுக்கு இவ்வளவு சிரமம் எதுக்கு?" என்று யாரிடமோ சொன்னாராம். சில மாதம் ஒரே நாடாவில் ஓடக்கூடிய கரையில்லாத சேலைகளை நெய்தார். அதற்குக் கூலி குறைவு. இரண்டு தறியில் ஒன்று சும்மா நின்றது. அதன் பிறகு பெரியம்மா அடுப்பு வேலையை முடித்துக்கொண்டு வந்து அந்தப் பலகையில் உட்கார்ந்தார். அதுவரையில் அந்த அம்மாள் தார் சுற்றுவதோடு சரி. தார் சுற்றுவதும் நிற்கவில்லை. அது இராத்திரி வேலையாக மாறிவிட்டது. நாம் புஸ்தகப் பையோடு தெருவில் போகும்போது, திறந்த கதவு வழியாக நமது இடத்தில் அவர் உட்கார்ந்திருப்பது தெரியும்.

பிற்காலத்தில் டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வரலாற்றைப் படித்தபோது பெரியப்பாவின் நினைவு நமக்கு மறுபடி மறுபடி வந்தது. ஐயரவர்கள் 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அதே வருஷத்தில் அவ்வூருக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை முதலியவற்றையெல்லாம் அவர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அவற்றில் திருப்தியடையவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று விசாரித்தார். சீவக சிந்தாமணியின் பிரதியைத் தேடிக் கொடுத்தார். அந்த நூலின் பொருளை அறிய ஐயரவர்கள் கும்பகோணத்து ஜைனர்களின் வீடுகளுக்குப் போய்ச் சந்தேகம் கேட்டார். 1887-ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து பத்துப்பாட்டும், சிலப்பதிகாரமும், புறநானூறும் வந்தன. முதலியார் 1892-லேயே காலமாகி விட்டார். ஆனால் அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1940-ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தமது சரித்திரத்தை எழுதிய ஐயரவர்கள் அந்தச் சந்திப்பை மறக்காமல் விஸ்தாரமாக எழுதினார்.

முதலியார் ஐயருக்கு ஆசிரியரல்லர், உறவினரல்லர், மேலதிகாரியுமல்லர். ஒரே ஊரில் இருந்தவர். ஒரு கேள்வி கேட்டார். ஒரு புஸ்தகம் கொடுத்தார். ஒருவருடைய வாழ்க்கையின் திசை மாறுவதற்கு அது போதுமாயிருந்தது. கும்பகோணத்திலேயே வளர்ந்த கணித மேதை ராமானுஜனுக்கும் இப்படி ஓர் உதவி உண்டு. அவர் வீட்டில் குடியிருந்த கல்லூரி மாணவர்கள்தாம் உயர்ந்த கணிதத்தை முதலில் அவருக்குக் காட்டியவர்கள்.

இந்தப் பெரியோர்களோடு நம்மை ஒப்பிடுகிறோம் என்று நேயர்கள் எண்ண வேண்டாம். உபகாரம் செய்தவர்களைத்தான் ஒப்பிடுகிறோம். புஸ்தகம் கொடுத்தவருக்கு அதனால் நஷ்டமில்லை. கணக்குச் சொல்லிக் கொடுத்த மாணவர்களுக்கும் நஷ்டமில்லை. பிள்ளையார்பாளையத்துப் பெரியப்பாவோ தமது தறியின் ஒரு கையை வெட்டி எடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். யாரால் தமக்கு லாபமோ அவரையே விட்டுக் கொடுப்பது என்பது உலகத்தில் அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

நாம் 1968-ல் எஸ்.எஸ்.எல்.சி. தேறினோம். காஞ்சீபுரத்தில் 1947-ஆம் ஆண்டில் ஏற்பட்ட பச்சையப்பன் கல்லூரியில் கணிதம் படித்தோம். 1973-ஆம் ஆண்டில் சர்க்கார் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக அமர்ந்து, 36 வருஷம் அந்த வேலையையே பார்த்தோம். எந்த ஊரில் இருந்தாலும், வகுத்தலும் மீதியும் சொல்லிக் கொடுக்கிற நாளில் கரும்பலகையில் அன்னந்தான் நீந்தும். 28 கட்டத்து அன்னம் 240 கொக்கியில் எத்தனை? மீதி எவ்வளவு? வால் அறுந்து போகாமலிருக்க என்ன செய்யலாம்? இந்தக் கணக்கை மறந்த மாணவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை.

மேல் வகுப்பு மாணவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்வோம். பிரான்சு தேசத்து லியோன் நகரத்தில் பட்டு நெசவுக்காக ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் அமைத்த பெட்டிதான் நமது தறியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டே செய்தியால் அது மயிலையும் கோபுரத்தையும் நெய்கிறது. அந்த அட்டைகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் பாபேஜ் என்ற கணித அறிஞர் 1830-களில் தாம் திட்டமிட்ட கணக்கு யந்திரத்துக்கும் துளை அட்டையே போதுமென்று கண்டார். அமெரிக்காவில் ஹாலரித் என்பவர் 1890-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கைத் துளை அட்டைகளால் எண்ணினார். இன்று உங்கள் கையில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு ஒரு பாட்டனார் பட்டுத் தறியில் இருக்கிறார் என்று சொல்லும்போது, நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளின் முதுகு சற்று நிமிரும். அதைப் பார்ப்பது நமது சம்பளத்தில் சேராத வரும்படி.

முதல் மாதச் சம்பளத்தில் 150 ரூபாயைத் தனியே எடுத்து ஒரு வெற்றிலைத் தட்டில் வைத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போனோம். வேண்டாம் என்று மறுப்பார், நாமும் வற்புறுத்துவோம், அவரும் கண் கலங்குவார் என்று நினைத்திருந்தோம். கதைகளில் அப்படித்தானே நடக்கிறது? அவர் தட்டிலிருந்து பணத்தை எடுத்தார், நோட்டு நோட்டாக எண்ணினார், மடியில் வைத்துக்கொண்டார்.

"சரியாயிருக்கு. இனிமே நீ எனக்குக் கடன்காரன் இல்லை. வீட்டுக்கு வந்தா கடன்காரன் மாதிரி வாசல்லே நிக்காதே, உள்ளே வந்து உட்காரு" என்றார்.

அவர் ஏன் மறுக்கவில்லை என்பது வெகு நாள் கழித்தே நமக்குப் புரிந்தது. பணத்தை விட்டுக் கொடுத்திருந்தால் நாம் ஆயுள் முழுவதும் அவர் முன்னால் தலை குனிந்து நின்றிருப்போம். பணக் கணக்கைத் தீர்த்துவிட்டதனால் நம்மைச் சமமாக உட்கார வைத்தார். தீர்க்க முடியாத கணக்கைப் பற்றி அவர் பிரஸ்தாபிக்கவே இல்லை. 1986-ஆம் ஆண்டில் அவர் காலமாகும் வரையில், "நான் படிக்க வைத்த பையன்" என்று எங்கேயும் எவரிடமும் சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

பெரியம்மாவிடம் ஒரு தரம் நாம் மனத்தில் இருந்ததைச் சொன்னோம். பெரியப்பா இறந்த மறு வருஷம் அது. "நான் போனதாலே உங்களுக்குத்தானே பெரியம்மா கஷ்டம்? என் இடத்திலே நீங்க உட்கார வேண்டியதாச்சு" என்றோம்.

அந்த அம்மாள் சிரித்தார். "கஷ்டந்தான். முதல் ரெண்டு வருஷம் தோள்பட்டை விட்டுப்போகும். ஆனா ஒண்ணு தம்பி, நீ அங்கேயே உட்கார்ந்திருந்தா நான் தார் சுத்திக்கிட்டே கிழவியாயிருப்பேன். உன் இடத்திலே உட்கார்ந்துதான் நான் தொழில் கத்துக்கிட்டேன். இப்போ அவர் இல்லை, தறி இருக்குது, எனக்கு யார் கையையும் பார்க்க வேண்டியதில்லை" என்றார்.

சொன்னபடியே, கணவர் இருந்த இடது பக்கத்துக்கு மாறி உட்கார்ந்து, வலது பக்கத்துக்குக் கூலி கொடுத்து வயது வந்த ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு, இன்னும் பதினொரு வருஷம் அவர் நெய்தார். கரை நாடாவுக்குப் பெரியவர்களை வைத்தால் கட்டுப்படியாகாது என்று தெருவில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கட்டுப்படியாகத்தான் செய்தது, கொஞ்சம் குறைவாக.

பின்னர் 2009-ஆம் ஆண்டில் கல்வி உரிமைச் சட்டம் பிறந்தது. 6 வயது முதல் 14 வயது வரையில் பிள்ளைகளின் இடம் பள்ளிக்கூடம் என்று அது சொல்கிறது. பிள்ளையார்பாளையத்தில் இன்று தறிச் சத்தம் பழைய நாள் போல இல்லை. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். தறியில் உட்கார ஆளில்லை என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். அந்தக் குறை நியாயமானது. ஆனால் அதற்குப் பரிகாரம் பையனைத் திரும்பப் பலகையில் உட்கார வைப்பதல்ல; பலகையில் உட்காருகிற பெரியவருக்கு வயிறு நிறையக் கூலி கொடுப்பது. இது நமது யோசனை என்று யாரும் பாராட்ட வேண்டாம். 1961-ஆம் வருஷத்திலேயே அடுத்த வீட்டில் ஒருவரும் அவர் மனைவியும் போட்டுப் பார்த்து விடை கண்ட கணக்கு இது.